படத்தில் தெரிந்த சதுரம்

அலுமினியக் கலவையைப் பாலிஷ் செய்து உருப்பெருக்கிப் பார்த்தால் பல வடிவங்கள் தெரியும். உருண்டைத் துகள்கள், உடைந்த ஓடு மாதிரி கோணல்மாணலான துகள்கள், நீளமாக ஓடும் மெல்லிய கீறல்கள். ஆனால் நான்கு மூலையும் நேராக வெட்டிய சதுரம் மட்டும் அங்கே இருக்க வாய்ப்பே இல்லை. மேற்பரப்பின் மின்னழுத்தத்தை இடம் இடமாகக் காட்டும் என்னுடைய படத்தின் நடுவில் அப்படி ஒரு சதுரம் இருந்தது. சுற்றுப்புறத்தைவிட அந்தச் சதுரத்துக்குள் மின்னழுத்தம் தெளிவாக மாறியிருந்தது. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கருவியில் கோளாறோ என்று, ஸ்கேன் செய்யும் நுண்முனையை மாற்றினேன், மறுபடி ஸ்கேன் செய்தேன். சதுரம் அதே இடத்தில் இருந்தது.

எலக்ட்ரான் நுண்ணோக்கியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். பார்த்த உடனே கேட்டார்: "தம்பி, இந்த சாம்பிளை இதுக்கு முன்னாடி என் மெஷின்ல வச்சியா?"

"ஆமாண்ணே, போன வாரம். துகள் எங்கே இருக்குன்னு பார்க்க."

"எவ்வளவு நேரம் அதே இடத்துல ஸ்கேன் ஓடிச்சு?"

எந்தத் தனிமம் எங்கே என்று காட்டும் தனிமப் படம் எடுக்க அரை மணி நேரம் ஓடவிட்டிருந்தேன். சதுரத்தின் அளவும் அந்த ஸ்கேன் சட்டத்தின் அளவும் ஒன்றாகவே இருந்தன.

எலக்ட்ரான் கற்றை விழும் இடத்தில், சாம்பிளின் மேலும் வெற்றிட அறையிலும் மிச்சமிருக்கும் ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகள் உடைந்து கார்பன் படலமாக ஒட்டிக்கொள்கின்றன. சில நானோமீட்டர் தடிமன்தான். எலக்ட்ரான் படத்தில் லேசாகக் கருத்த கட்டமாகத் தெரியும், உருவத்தை மட்டும் பார்ப்பவர்கள் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் அலுமினியத்தின் மேல் காற்றில் தானாக உருவாகும் ஆக்சைடு படலமே 2 முதல் 4 நானோமீட்டர்தான். நான் ஆராய வந்தது அந்தப் படலத்தைத்தான். அதற்கு இணையான தடிமனில் இன்னொன்றை நானே மேலே பூசிவிட்டு, பிறகு அளந்திருக்கிறேன். அதுவரை சேர்த்த ஆறு வாரத் தரவில் பாதிக்குமேல் அப்படி அளந்தவை. எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்தேன்.

பல நுண்ணோக்கிகளைச் சேர்த்து ஒரு மேற்பரப்பின் வினைத்திறனை, அதாவது எந்த இடம் எவ்வளவு எளிதில் வினைபுரியும் என்பதை, ஆராயப் போகிறவர்கள் பலரும் எந்தெந்தக் கருவி வேண்டும் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எந்தக் கருவிக்கு அடுத்து எந்தக் கருவி என்ற கேள்விதான் என் வேலையை உண்மையில் தீர்மானித்தது.

என் கேள்வி இது: விமானங்களின் உடற்பகுதியில் நெடுங்காலமாகப் பயன்படும் 2024 என்ற அலுமினியக் கலவையில், உப்பு நீர் பட்டால் அரிமானம் எங்கே தொடங்குகிறது, ஏன் அங்கே தொடங்குகிறது? இந்தக் கலவையில் எடையில் சுமார் 4 சதவீதம் தாமிரமும் 1.5 சதவீதம் மக்னீசியமும் உண்டு. வலுவுக்காகச் சேர்ப்பவை. ஆனால் எல்லாம் கரைந்து சமமாகப் பரவிவிடுவதில்லை. ஒரு பகுதி சில மைக்ரான் அளவுத் துகள்களாகத் திரண்டு நிற்கும். அவற்றில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று, அலுமினியம், தாமிரம், மக்னீசியம் சேர்ந்த எஸ் கட்டம். பெரும்பாலும் உருண்டையாக இருக்கும். இன்னொன்று, இரும்பும் மாங்கனீசும் கலந்த கோணல் துகள்கள். இரண்டும் உப்பு நீரில் நடந்துகொள்ளும் விதம் வேறு வேறு.

இதை ஒரே நுண்ணோக்கியால் சொல்ல முடியாது. நுண்முனையால் மேற்பரப்பைத் தடவிப் பார்க்கும் அணுவிசை நுண்ணோக்கி உயரத்தை நானோமீட்டர் துல்லியத்தில் சொல்லும், ஆனால் எதிரே இருப்பது தாமிரமா இரும்பா என்று அதற்குத் தெரியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியும் அதனோடு இணைந்த எக்ஸ்கதிர் பகுப்பாய்வும் தனிமத்தைச் சொல்லும், ஆனால் மேற்பரப்பின் கடைசிச் சில நானோமீட்டரில் என்ன நடக்கிறது என்பது அதற்குப் பெரும்பாலும் எட்டாது. கெல்வின் முறை மேற்பரப்பின் மின்னழுத்த வேறுபாட்டைக் காட்டும். அதுவும் காற்றில் இருக்கும் நிலையைத்தான்.

சதுரத்துக்குப் பிறகு வரிசையை மாற்றினேன். பாலிஷ், சாதாரண ஒளி நுண்ணோக்கி, கெல்வின், திரவத்துக்குள் அணுவிசை நுண்ணோக்கி, எல்லாம் முடிந்த பிறகே எலக்ட்ரான் கற்றை. மேற்பரப்பைத் தொடாத கருவி முதலில், மாற்றும் கருவி பின்னால், வெட்டும் கருவி கடைசியில்.

இதில் உடனே ஒரு சிக்கல் வந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாமல் எந்தத் துகள் எது என்று தெரியாது. ஒளி நுண்ணோக்கியில் துகள் இருப்பது தெரியும், வகை உறுதியாகத் தெரியாது. எனவே வகை தெரியாமலே பன்னிரண்டு துகள்களைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் அளந்தேன். கட்டாயத்தால் செய்தது, நன்மையாகவே முடிந்தது. துகளின் பெயர் தெரிந்திருந்தால், எஸ் கட்டம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நான் படத்தின் நிறச் செறிவை அமைக்கும்போதே நுழைந்திருக்கும். இப்போது முதலில் அளவு, பிறகுதான் பெயர். வாய்ப்பிருந்தால் மற்றவர்களும் இப்படியே செய்யலாம்.

அடுத்தது, அதே இடத்துக்குத் திரும்பி வருவது. என் நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது. ஒரு சென்டிமீட்டர் சாம்பிளில் மூன்று மைக்ரான் துகளை ஒரு கருவியில் கண்டுபிடித்து, கழற்றி, வேறொரு கருவியில் மாட்டி, திரும்பக் கண்டுபிடிக்க வேண்டும். கேலியம் அயனிக் கற்றையால் அழகான அடையாளம் பொறிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பொறிக்கும் இடத்தைத் தாண்டியும் கேலியம் விழுகிறது, அதிலும் அலுமினியத்துக்குள் கேலியம் எளிதாக ஊடுருவும். வினைத்திறனை ஆராயும் இடத்துக்குப் பக்கத்தில் அதை அனுமதிக்க எனக்கு மனம் வரவில்லை. கடினத்தன்மை அளக்கும் விக்கர்ஸ் கருவியால் நான்கு சிறு குழிகள் போட்டேன். மூன்று ஒரே வரிசையில், நான்காவது விலகி. அப்படி வைத்தால் சாம்பிளைத் திருப்பி மாட்டினாலும் எந்தப் பக்கம் மேல் என்று குழப்பம் வராது. குழிக்கும் ஆராயும் இடத்துக்கும் இடையே குறைந்தது நூறு மைக்ரான் விட்டேன். குழியைச் சுற்றி உலோகம் அமுங்கித் திரிந்திருக்கும், அந்த இடம் தனியாக வினைபுரியும்.

பாலிஷைப் பற்றியும் ஒன்று. கடைசிக் கட்டத்தில் தண்ணீர் பட்டாலே எஸ் கட்டத்திலிருந்து மக்னீசியம் கரையத் தொடங்கும். எத்தனாலோ நீரில்லாத மசகோ பயன்படுத்திய பிறகுதான் எனக்குத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி மேற்பரப்பு கிடைத்தது. அதற்கு முன் நாளுக்கொரு முடிவு வந்தது. சாம்பிளை எடுத்த பிறகு எத்தனை மணி நேரம் காற்றில் இருந்தது என்பதையும் குறிக்கத் தொடங்கினேன், ஆக்சைடு வளர்ந்துகொண்டே இருக்கிறதே.

இனி கெல்வின். இதன் அடிப்படை பழையது. இரண்டு உலோகங்களுக்கு இடையே உள்ள தொடு மின்னழுத்தத்தை, தொடாமலே அளக்கும் வழியை லார்ட் கெல்வின் 1898-ல் விளக்கினார். அதை அணுவிசை நுண்ணோக்கியின் முனையோடு இணைத்தது 1991-ல். முனை மேற்பரப்பிலிருந்து சில பத்து நானோமீட்டர் உயரத்தில் பறந்து, தனக்கும் மேற்பரப்புக்கும் இடையிலான மின்விசை இல்லாமல் போகும் மின்னழுத்தத்தைத் தேடும். படம் பார்க்க மிக அழகாக இருக்கும். ஏமாற்றுவதும் அதனால்தான் எளிது.

முதல் ஏமாற்று, கூட்டலா கழித்தலா என்ற குறி. மின்னழுத்தத்தை முனைக்குக் கொடுக்கிறோமா சாம்பிளுக்குக் கொடுக்கிறோமா என்பதைப் பொறுத்துப் படத்தின் வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகும். கருவி கையேட்டை நம்பாமல், தங்கமும் அலுமினியமும் அருகருகே பூசிய சில்லு ஒன்றை ஒவ்வொரு நாளும் முதலில் ஸ்கேன் செய்தேன். தங்கம் வெளிச்சமாகவோ இருட்டாகவோ எப்படித் தெரிகிறதோ அதுதான் உன்னதமான, அதாவது எளிதில் அரிக்காத, பக்கம். ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது பெரியது. என் பன்னிரண்டு துகள்களும் சுற்றியுள்ள அலுமினியத்தைவிட உன்னதமாகத்தான் தெரிந்தன. அப்படியானால் எஸ் கட்டம் உட்பட எல்லாமே தான் கரையாத எதிர்மின்முனையாக நின்று, சுற்றியுள்ள அலுமினியம் கரைய வேண்டும். ஆனால் எஸ் கட்டம் உப்பு நீரில் முதலில் தானே கரையும் என்பது நன்கு தெரிந்த விஷயம். 1998-ல் ஷ்முட்ஸும் ஃபிராங்கலும் இதே கலவையில் இதே முரணைக் கண்டிருந்தார்கள். எஸ் கட்டத்தின் மேல் இருக்கும் மெல்லிய படலம்தான் அதை உன்னதமாகக் காட்டுகிறது. படலம் கீறப்பட்டால் உள்ளே இருக்கும் துகள் உடனே வினைபுரிகிறது. காற்றில் எடுத்த மின்னழுத்தப் படம் படலத்தின் கதையைச் சொல்கிறது. நீருக்குள் துகள் என்ன செய்யும் என்பதை அது நேரடியாகச் சொல்வதில்லை. அந்தப் படத்தை மட்டும் வைத்து வினைத்திறன் என்று தலைப்பிட்ட எத்தனையோ விளக்கப்படங்களை நான் பார்த்திருக்கிறேன், எனக்கு அது வருத்தம் தருகிறது.

எனவே நீருக்குள் இறங்கினேன். நீர்த்த சோடியம் குளோரைடு கரைசலில் சாம்பிள் முழுக, மேலே முனை ஸ்கேன் செய்யும். இது பொறுமை கேட்கும் வேலை. முனையின் அசைவை அளக்கும் லேசர் கற்றை திரவத்தில் விலகும், மறுபடி சீரமைக்க வேண்டும். முனையைத் தாங்கும் கேன்டிலீவர் என்ற மெல்லிய பட்டையில் குமிழி ஒன்று ஒட்டினால் அன்றைய அளவீடு போயிற்று. கேன்டிலீவரின் முதுகில் பளபளப்புக்காக அலுமினியம் பூசியிருந்தால் குளோரைடில் அந்தப் பூச்சே அரித்துக் கரைசலில் கலக்கும். அலுமினியத்தின் அரிமானத்தை அளக்கும் இடத்தில் அது நடக்கக் கூடாது. தங்கம் பூசிய கேன்டிலீவருக்கு மாறினேன்.

முதல் நல்ல நாளில் ஒரு கோணல் துகளை நாற்பது நிமிடம் பின்தொடர்ந்தேன். துகள் அசையவே இல்லை. அதைச் சுற்றி மெல்லிய பள்ளம் விழுந்து, ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் அகலமாகி, கடைசியில் துகள் அகழி சூழ்ந்த கோட்டை மாதிரி நின்றது. துகளின் மேல் ஆக்சிஜன் ஒடுக்கம் அடைந்து ஹைட்ராக்சைடு உருவாகிறது. அருகில் காரத்தன்மை ஏறுகிறது. காரத்தில் அலுமினிய ஆக்சைடு கரைந்துவிடும். பாடப்புத்தகத்தில் பலமுறை படித்ததுதான். வரிவரியாகத் திரையில் இறங்கும்போது நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. அகழியின் ஆழத்தை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. முனை கூம்பு வடிவம், குறுகிய பள்ளத்தின் அடியை அது தொடாது. நான் எழுதிய ஆழம் எல்லாம் "குறைந்தது இவ்வளவு" என்ற பொருளில்தான்.

அன்று மாலை, பழக்கத்தில், ஸ்கேன் பரப்பைப் பெரிதாக்கினேன். முப்பது மைக்ரானிலிருந்து தொண்ணூறு மைக்ரான். நடுவில் மறுபடியும் ஒரு சதுரம்.

இந்த முறை கார்பன் இல்லை. நான் நாற்பது நிமிடம் ஸ்கேன் செய்த பரப்பில் அரிமானம் வெளியே இருப்பதைவிட அதிகமாக இருந்தது. முனை தட்டித் தட்டி, துகளைச் சுற்றிப் படிந்த அரிமான விளைபொருளைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பாதுகாப்பாக மூடியிருக்க வேண்டிய படிவு நீங்கியதும் உலோகம் மறுபடி வெளிப்பட்டிருக்கிறது. நான் பார்த்த அகழி உண்மைதான், ஆனால் அதன் வேகத்தில் என் முனையின் பங்கும் இருந்தது.

திருத்தம் மூன்று விதத்தில் செய்தேன். முனை தட்டும் விசையைப் படம் சிதையும் எல்லைவரை குறைத்தேன். தொடர்ந்து ஸ்கேன் செய்வதை விட்டு, முனையை மேலே தூக்கி வைத்துவிட்டு, இடைவெளி விட்டு ஒரு படம் எடுத்தேன். இடைப்பட்ட நேரத்தில் முனை தொலைவில் இருப்பதால் ஆக்சிஜன் வந்து சேர்வதையும் அது மறைப்பதில்லை. மூன்றாவது, ஒவ்வொரு சோதனையிலும் ஸ்கேனே செய்யாத பக்கத்துத் துகள்களைக் கடைசியில் மட்டும் பார்த்து ஒப்பிட்டேன். ஒப்பிடும் இடம் இல்லாத திரவ அளவீட்டை நான் இப்போது ஏற்பதில்லை, என்னுடையதாக இருந்தாலும்.

சாம்பிளைத் தூய நீரில் அலசி உலர்த்தி, அதற்குப் பிறகே எலக்ட்ரான் நுண்ணோக்கி. இங்கே எலக்ட்ரான்களை முடுக்கும் மின்னழுத்தம் முக்கியம். 15 கிலோவோல்டில் எலக்ட்ரான்கள் அலுமினியத்துக்குள் இரண்டரை மைக்ரான் அளவுக்குப் பரவும். ஒரு மைக்ரான் துகளைக் குறிவைத்தால் அடியிலிருக்கும் அலுமினியமும் சேர்ந்துதான் எண்ணிக்கையில் வரும். 5 கிலோவோல்டில் அது 0.4 மைக்ரான் அளவுக்குச் சுருங்கும். தாமிரம், மக்னீசியம், அலுமினியம் மூன்றின் குறைந்த ஆற்றல் எக்ஸ்கதிர் கோடுகளும் அங்கே பிரிந்தே தெரியும். இரும்பும் மாங்கனீசும் ஒன்றன்மேல் ஒன்று விழும், அவற்றைப் பிரிக்க மட்டும் 15 கிலோவோல்டுக்குப் போவேன். வினைக்குப் பின் தனிமம் பார்ப்பதால், எஸ் கட்டத்தில் மக்னீசியம் ஏற்கெனவே போயிருக்குமே என்ற கேள்வி நியாயமானது. குறுகிய நேரமே நீரில் வைத்ததால் அடியில் அசல் துகள் மிச்சமிருந்தது, அதை வைத்து வகையை உறுதிசெய்தேன். கற்றையை முதலிலேயே காட்டிய தனிப் பகுதி ஒன்றையும் அதே சாம்பிளின் இன்னொரு மூலையில் வைத்திருந்தேன், வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள.

படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவதில் நான் செய்த ஒரு தவறு பலரிடமும் காண்கிறேன். மின்னழுத்தப் படத்தில் தெரியும் துகள் விளிம்பையும் தாமிரப் படத்தில் தெரியும் துகள் விளிம்பையும் பொருத்தினேன். பிறகு, இரண்டு விளிம்பும் ஒத்துப்போகின்றன என்று எழுதினேன். நானே ஒட்டவைத்ததை நானே கண்டுபிடித்ததாகச் சொன்ன கதை. இப்போது பொருத்துவதற்கு உயரப் படமும் எலக்ட்ரான் படமும் மட்டும். கீறல்கள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள், குழியின் மூலைகள் போன்ற, கேள்விக்குச் சம்பந்தமில்லாத அடையாளங்கள் மட்டும். மின்னழுத்தம் உயரத்தோடு ஒரே ஸ்கேனில் வந்தது, அதனால் தானாக இடம்பெறும். இடப்பெயர்ச்சி, சுழற்சி, நீட்சி, சரிவு எல்லாவற்றுக்கும் கணக்கில் மூன்று புள்ளி போதும். நான் எட்டு எடுத்து, இரண்டைப் பொருத்தத்தில் சேர்க்காமல் வைத்து, அவை எவ்வளவு விலகி விழுகின்றன என்று அளப்பேன். அந்த விலகல் 200 நானோமீட்டர் என்றால், 100 நானோமீட்டர் வேறுபாட்டைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். குவிடியன், ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருள்கள் இந்த வேலைக்கு எனக்குப் போதுமாக இருந்தன, இரண்டும் இலவசம்.

பின்னர் இந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்தது: நுண்குழாயின் முனையில் தொங்கும் துளியால் மேற்பரப்பைத் தொட்டு, அந்தத் துளி அளவு இடத்தில் மட்டும் மின்வேதி அளவீடு செய்யும் முறை. 2010-ல் வார்விக் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் அன்வின் குழு வெளியிட்டது. தனித் துகளின் மேல் மின்னோட்டத்தை நேரடியாகப் பார்க்க முடிகிறது. துளி எடுத்த இடத்தில் உப்புத் தடம் நிற்கும். முதலில் அதை அழுக்கு என்று நினைத்துக் கழுவினேன். கழுவக் கூடாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தத் தடம்தான் எந்த அளவீடு எந்தத் துகளில் எடுத்தது என்று சொல்லும் அடையாளம், துளி உண்மையில் நனைத்த பரப்பும் அதிலிருந்துதான் தெரியும்.

கடைசியில்தான் அயனிக் கற்றை. எஸ் கட்டத் துகள் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தோம். மேற்பரப்பில் மக்னீசியமும் அலுமினியமும் கரைந்துபோய், எஞ்சிய தாமிரம் பஞ்சு மாதிரி துளைகளோடு நின்றது. அந்தத் துகள் முதலில் தானே கரைந்து, பிறகு தாமிரமாக மாறி, சுற்றியுள்ள அலுமினியத்தைக் கரைக்கத் தொடங்கியிருந்தது. என் நேரத்தொடர் படங்களில் இடையில் ஓரிடத்தில் துகள் தாழ்வது நின்று சுற்றுப்புறம் தாழத் தொடங்கும். அதன் காரணம் இந்த வெட்டுமுகத்தில்தான் புரிந்தது.

என் குறிப்பேட்டில் ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு பத்தி உண்டு: இந்த மேற்பரப்பை இதுவரை எவையெல்லாம் தொட்டன. காற்று எத்தனை மணி, எந்தத் திரவம், எந்த முனை, எந்தக் கற்றை, எவ்வளவு நேரம். முடிவுகளை எழுதும்போது நான் அதிகம் புரட்டியது அந்தப் பத்தியைத்தான்.

இடைவெளி விட்டு ஸ்கேன் செய்த முதல் சோதனை முடிந்ததும் தொண்ணூறு மைக்ரானுக்கு விரித்து எடுத்த படத்தை அண்ணனிடம் கொண்டுபோனேன். திரையில் விரலை வைத்து ஓரத்திலிருந்து ஓரம்வரை மெதுவாகத் தேடினார். "எந்த இடத்துல ஸ்கேன் பண்ணே?" என்று கேட்டார். நான் காட்ட வேண்டியிருந்தது.